பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன்

என்னிடம் இருக்கும் நாட்குறிப்புகளில் மிகப் பழையது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் போட்ட நான்கு கட்டங்கள்: கிழமை, போன நேரம், வந்த நேரம், குறிப்பு. அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ நோட்டுகள் எழுதிவிட்டேன். மழை பெய்த நாள், ரயில் தாமதமாக வந்த நாள், பால்காரர் வராத நாள் என்று எல்லாம் இருக்கும். நேரத்தைத் தப்பாக எழுதியதில்லை என்பது எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்த முதல் பக்கத்திலும் நேரங்கள் சரியாகவே இருக்கின்றன.

விருத்தாசலத்தில் எங்கள் வீடு பீங்கான் கம்பெனிக்குப் பின்புறம், லைன் வீடுகளில் கடைசி வீடு. வேலிக்கு முள் வைப்பதில்லை. சூளையில் கோணிப்போன குழாய்களை வரிசையாக நட்டிருப்போம். எந்த வீட்டிலும் ஊறுகாய் ஜாடிக்கு மூடி பொருந்தாது. நல்லது வெளியூருக்குப் போகும், கோணல் எங்களுக்கு வரும். அப்பா சூளை மேஸ்திரி. அம்மாவின் தங்கையான சித்தி, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். சூளைக்குப் போகுமுன் கோப்பைகளின் அடியில் இருக்கும் பூச்சை ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை. துடைக்காவிட்டால் வேகும்போது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை.

சித்தப்பா பேக்கிங் பிரிவில் இருந்தார். ஜாடிகளுக்கு வைக்கோல் பிரி சுற்றி மரப்பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டு இறுக்குவார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டி கட்டியவனே சரக்கோடு போக வேண்டும். வாங்குகிறவர் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, ஒன்றும் உடையவில்லை என்று காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி அவர் லாரியில் சேலம் போயிருக்கிறார், ரயிலில் திருச்சி போயிருக்கிறார். அந்தக் கார்த்திகையில்தான் முதல் தடவையாகச் சரக்கு கடல் வழியாகப் போனது. கடலூர் துறையிலிருந்து தோணியில் நாகப்பட்டினம், அங்கே கப்பலில் ஏற்றிவிட்டு அவர் வீடு திரும்ப வேண்டும்.

அவர் கிளம்பிய அன்று சித்தி வாசலில் நின்று கிண்டல் செய்தாள். "மணிமுத்தாத்துல மொழங்கால் தண்ணின்னாலே செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுக் கரையில நின்னு யோசிக்கிற ஆளு. இவரு கடல்ல போறாராம்."

"பொட்டிக்கு நீச்சல் தெரியாதில்ல, அதான் தொணைக்குப் போறேன்," என்றார் சித்தப்பா. லாரியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து போனார். அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தோணி கிளம்பியது. திங்கள் மாலை புயல் அடித்தது.

எங்கள் ஊரில் கூரைகள் போயின, புளியமரங்கள் விழுந்தன, பள்ளிக்கூடத்தில் வீடு போனவர்களைத் தங்க வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனி வாசலில் சேதி வந்தது. தோணி நாகப்பட்டினம் போய்ச் சேரவில்லை. தோணிக்காரர்கள் எட்டுப் பேர், சித்தப்பாவோடு ஒன்பது.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தம்பி. மெட்ராஸ் பக்கம் ஒரு விமானத் தளத்தில் வேலை. கடலோரக் காவலுக்கென்று தனியாக ஒரு படை வருவதற்குப் பத்து வருஷம் முன்பு அது. கடலில் ஆள் காணாமல் போனால் அந்தத் தளத்திலிருந்துதான் ஏதாவது ஒரு சின்ன விமானம் தேடப் போகும். மாமா லீவில் வந்தால் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் இருப்போம். மேலிருந்து பார்த்தால் கடல் எப்படி இருக்கும், படகு எத்தனை பெரிதாகத் தெரியும் என்று அவர் சொல்லுவார். தான் விமானத்தில் ஏறியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏறவில்லை என்றும் சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "காலையில தேடப் போன ப்ளேனு பன்னெண்டு மணி சங்குக்கு மின்னாடியே திரும்பிட்டா, ஆள் ஆம்புட்டாச்சின்னு அர்த்தம். சங்கு ஊதினப்புறம் வந்தா கெடைக்கலன்னு அர்த்தம், பாப்பா." கம்பெனிச் சங்கை வைத்து அவர் சொன்னது எனக்காகத்தான். எனக்கு நேரம் பார்ப்பதில் இருந்த பைத்தியம் அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை மதியம் மாமா திடீரென்று வந்து நின்றார். புயலில் கடற்கரைச் சாலைகள் அறுந்துவிட்டன, உளுந்தூர்பேட்டை பக்கம் யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் கூடாரம் அடித்து அங்கிருந்து தேடப் போகிறார்கள், பெட்ரோல் பீப்பாய்களோடு லாரியில் வந்திருக்கிறேன் என்று சொன்னார். விமானம் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே பறந்துதான் நாகப்பட்டினம் கடலுக்குப் போகும்.

சித்தி அழவில்லை. தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துக்குவல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் இருக்கேன்ல அக்கா," என்றார் மாமா.

அன்று மாலை கட்டம் போட்டேன். அப்பாவின் அலாரக் கடிகாரத்தைக் கம்பெனிச் சங்குக்குச் சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை: போன நேரம் 7.05, வந்த நேரம் 12.35. குறிப்பு: கிடைக்கவில்லை. மதியம் மறுபடி போய்ப் பொழுது சாயத் திரும்பியது. மாமா சொன்ன கணக்கு காலைக்கு மட்டும்தான் என்பதால் அதை எழுதவில்லை. சித்தியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து கைகழுவி எனக்குச் சோறு போட்டாள். "நாளைக்கும் பாரு," என்றாள்.

வெள்ளிக்கிழமை அம்மா மாமாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். நானும் நோட்டோடு போனேன். சித்தி வரவில்லை. சித்தப்பா வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்றாள்.

நான் ஒரு பெரிய இடத்தை நினைத்திருந்தேன். அங்கே இருந்தது, காட்டுக்கு நடுவில் நீளமாக ஒரு சிமெண்டுத் தரை, பிளவுகளில் புல். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் நனைந்துபோன மல்லாட்டைக் கடலையை அதில் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுக்கச் சொன்னதற்காக ஒரு கிழவி கூடாரத்துக்காரர்களை வைதுகொண்டிருந்தாள். மூன்று கூடாரம், ஒரு கம்பி நட்ட வயர்லெஸ் பெட்டி, முப்பது நாற்பது பீப்பாய். அவ்வளவுதான் தளம். ஆடுகளை விரட்டுவதற்கென்றே கையில் குச்சியோடு ஒருவர்.

மாமா பனியனோடு ஒரு பீப்பாயின் மேல் கைப்பம்பு அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் கொப்புளம். பம்பின் குழாய் முனை விமானத்தின் இறக்கைக்குள் போயிருந்தது. விமானம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைவிடச் சிறியது. அது நிரம்பியதும் இரண்டு பேர் ஏறினார்கள். மாமா இறங்கிக் கீழே நின்றார்.

"மாமா, நீங்க ஏறலியா?"

"நான் ஏறினா பெட்ரோல யாரு ஊத்தறது?" என்று சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பாமல், "சின்னக்காகிட்ட சொல்லாத பாப்பா," என்றார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை 7.00, 12.30. அந்த நேரங்களை மெக்கானிக்கின் கைக்கடிகாரத்தைப் பார்த்தே எழுதினேன். இறங்கிய விமானி தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். மாமா இறக்கையில் ஏறி, டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. "அடியோட தொடச்சிட்டு வந்திருக்கு," என்றார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். விமானம் 7.10-க்குப் போனது. ஒன்பது மணி வாக்கில் கம்பெனி ஜீப் எங்கள் லைனுக்குள் வந்தது. போலீஸ் வழியாகச் சேதி வந்திருந்தது. விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஐந்து உடல்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. ஐந்து நாள் தண்ணீரில் கிடந்தவை, வைத்திருக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் உடனே வந்து அடையாளம் சொல்ல வேண்டும். அப்பா சூளையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். சூடேறிக்கொண்டிருக்கும் சூளையை அவர் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பின்பக்கம் குழாய் வேலியின் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே சத்தம் கேட்டது. விமானம் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கடிகாரம் பார்த்தேன். 9.20. ஒரு தடவை கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எழுதினேன். குறிப்பு: ஆள் கிடைத்தது. பிறகுதான் ஓடினேன். எழுதாமல் ஓடுவது எனக்கு வராது.

சித்தி ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் முதுகைப் பிடித்திருந்தாள்.

"சித்தி, ஒம்போது இருவதுக்கே திரும்பிடுச்சு. சங்கு இன்னும் ஊதல."

சித்தி காலைக் கீழே எடுத்து வைத்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் எண்கள் தெரியும். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். அம்மா, "சின்னப் புள்ள பேச்ச வெச்சிக்கிட்டா நிக்கற? ஏறுடி," என்றாள்.

"புள்ள பேச்சா? தம்பி சொன்ன கணக்கு இது, அக்கா." சித்தி நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள். "உசுரோட வந்துக்கிட்டு இருக்கறவர, இத வெச்சிக்கிட்டு நான் போயி பொணத்துல தேடணுமா? அது அவருக்கு ஆவுமா?"

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒருத்தியை யாரும் வற்புறுத்த முடியாது. உயிரோடிருப்பவனைப் பிணங்களுக்கிடையில் தேடுவது அவன் ஆயுசைக் குறைப்பது. ஜீப் ஓட்டுநர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மட்டும் போனார். சித்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் மேல் வெள்ளை மண் வாசனை வந்தது. அன்று மாலை அவள் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் கிள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகு அப்பா திரும்பி வந்தார். கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். எனக்கும் கேட்கும் தூரத்தில்தான் அம்மாவிடம் பேசினார், குழந்தைக்கு என்ன புரியும் என்று. யாருக்கும் முகம் இல்லை என்றார். துணியும் இல்லை. நான்கு பேரைத் தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் பச்சை குத்தியிருந்ததை வைத்தும் பல்லை வைத்தும் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது உடலை யாரும் சொல்லவில்லை. பெண்சாதி வந்து சொல்லாமல் எழுத மாட்டோம் என்றுவிட்டார்கள். அடையாளம் தெரியாதவர் என்று எழுதி, மண்ணில் வைத்துவிட்டார்கள்.

"அரையில ஒரு கயிறு மட்டும் இருந்துச்சி," என்றார் அப்பா. "நம்மாளுங்க கட்டற கறுப்புக் கயிறு இல்ல. செவப்பு."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தீபாவளிக்குக் கோயில் கடையில் சித்தி சிவப்பு அரைஞாண் வாங்கிக் கட்டிவிட்டது அம்மாவுக்கும் சித்திக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். சித்தி போயிருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள்.

யார் அவளிடம் சொல்வது? அம்மாவும் அப்பாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தம்பி சொன்னால்தான் நம்புவாள். கணக்குச் சொன்னவனே சொல்லட்டும்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மாமா எனக்குச் சொன்னது இருபது வருஷம் கழித்து, வேப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே. பெட்ரோல் ஊற்றுகிறவனுக்குத் தெரிந்த கணக்கு அது. ஆளைக் கண்டுவிட்டால் விமானம் சீக்கிரம் திரும்பும், டாங்கியில் பாதி மிச்சமிருக்கும், அன்றைக்குக் கை வலிக்காது. காணாவிட்டால் கடைசிச் சொட்டுவரை சுற்றிவிட்டுத்தான் வரும். அந்தச் சனிக்கிழமை 9.40-க்கு விமானம் இறங்கியபோது குச்சியை விட்டுப் பார்த்தாராம். பாதிக் குச்சிக்கு மேல் நனைந்திருந்தது. இறக்கை மேலிருந்தே கையைத் தட்டினாராம். வயர்லெஸ்காரர் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, தட்டாதே என்று சொன்னாராம். உடல்கள் கரை சேர்ந்துவிட்டன, இனி தேட வேண்டாம், திரும்பு என்று விமானத்தைக் கூப்பிட்டதே அவர்தான். மீதி நாலு பேரும் ஐந்து நாளைக்கு மேல் மிதந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று மேலே முடிவாகியிருந்தது.

மாமா ஞாயிறு நாலு மணிக்கு வந்தார். கூடாரம் பிரித்த லாரி ரோட்டில் நின்றது. கால் மணி நேரம்தான். வாசலிலேயே அம்மா அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜீப், நோட்டு, சிவப்புக் கயிறு. அவர் எங்கள் வீட்டுக்குள் வராமல் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

சித்தி வீடு மெழுகியிருந்தாள். தலையில் நேற்றுப் பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. தம்பியைப் பார்த்ததும் என்னிடமிருந்து நோட்டைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"நீ சொன்ன கணக்குதான? எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க? பொட்டிய வுட்டுட்டு வர மாட்டன்னு அங்க ஒக்காந்திருக்காரா?"

மாமா பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் மூன்று வரிதான் இருந்தது. மூன்று வரியைப் படிக்க அத்தனை நேரம் ஆகாது. அவர் விரல்களில் பெட்ரோல் நெடி அடித்தது. கொப்புளங்கள் உடைந்து தோல் தொங்கியது. அப்பா சுவரைப் பார்த்தார். ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.

"நேரமெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்குது," என்றார் மாமா.

சித்தி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

முதல் மாதத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தார்கள். பிறகு வருஷம் திரும்பட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு, சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால், ஒருவரும் சொல்லவில்லை. சித்தி முப்பத்தொரு வருஷம் குங்குமம் வைத்துக்கொண்டாள். திதி இல்லை, கருமாதி இல்லை. அடையாளம் தெரிந்த மற்ற நான்கு பேரின் வீடுகளிலும் முப்பதாம் நாள் காரியம் முடித்து அழுது ஓய்ந்தார்கள். எங்கள் வீட்டில் அழுவதற்கு ஒரு நாள் குறிக்கப்படவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. சாகும்வரை நாகப்பட்டினம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக்கூட வர மறுத்தாள் என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒன்று நடந்தது. மாமா நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசலுக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பாப்பா, நேத்து மத்தியானம் ப்ளேனு மறுபடி போச்சா?"

"இல்ல மாமா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போவல."

"அத எழுதலியே நீ?"

காலைக் கணக்கு மட்டும்தானே என்றேன். மீதிப் பேரைத் தேட வேண்டுமென்றால் மதியமும் போயிருக்கும், அதையும் எழுது என்றார். அவரே பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தார். பெரியவர்கள் பேனாவை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. என் நோட்டு முழுமையாக இருக்க வேண்டும் என்று அவர் அக்கறைப்படுகிறார், ஒரு வாத்தியார் விடுபட்டதைச் சுட்டிக்காட்டுவது போலச் சுட்டிக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டை முழங்காலில் வைத்து, 'ஆள் கிடைத்தது' என்பதற்குக் கீழே, எனக்குத் தெரிந்த மிக நல்ல கையெழுத்தில், மை பரவாமல் ஊதி ஊதி எழுதினேன்: மதியம் போகவில்லை.

மாமா அதைப் படித்துவிட்டு உள்ளே சித்தி இருந்த பக்கம் ஒருமுறை நோட்டைத் திருப்பிப் பிடித்தார். அவள் அடுப்பில் இருந்தாள், பார்க்கவில்லை. பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு லாரிக்கு ஓடினார். பேனாவை அவர் கேட்கவில்லை. நானும் அது எனக்குக் கிடைத்த பரிசு என்றே எண்ணிக்கொண்டு, மூடியைத் திருகிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.